ஊக்கா, ஸ்ப்ரேயா? – குயில்ட் தையல் கேள்வி பதில்

சென்ற இதழில் குழந்தைகளுக்கான குயில்ட் (மூன்றடுக்காகத் தைக்கும் போர்வை) பற்றி எழுதியபோது, மேல்துணி, நடுப் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஊக்குக்குப் பதில் ஸ்ப்ரே பசையும் பயன்படுத்தலாம் என்று ஒரே வரியில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 60-க்கு 80 அங்குலத்தில் குயில்ட் மேல்துணி தைத்து முடித்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து ஊக்கு குத்தினால் ஒரு நாள் போய்விடும், முழங்கால் வலி வேறு. ஸ்ப்ரே பசை ஊக்கு அளவுக்குப் பிடிக்குமா? எப்படி அடிப்பது என்று முதலிலிருந்து சொல்லுங்கள்.
– வாசகி, கோவை

பதில்: பிடிக்கும். உங்கள் அளவுக்கு 4 அங்குலத்துக்கு ஒன்று என்று குத்தினால் 300 ஊக்கு வேண்டும். ஒவ்வொன்றையும் பூட்ட வேண்டும், தைக்கும்போது மெஷினை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றவும் வேண்டும். ஸ்ப்ரேயில் இந்த இரண்டு வேலையும் இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். ஊக்கு அங்கங்கே பிடிக்கிறது, பசை பரப்பு முழுவதையும் பிடிக்கிறது. நீங்கள் எப்படி விரித்தீர்களோ அப்படியே பிடித்துக்கொள்ளும். சுருக்கத்தோடு விரித்தால் சுருக்கத்தோடு. மிச்சமாகும் நேரத்தில் பாதியையாவது ஒழுங்காக விரிப்பதற்குக் கொடுங்கள்.

முதலில் அளவு. மேல்துணி 60-க்கு 80 என்றால் பஞ்சு ஷீட் 64-க்கு 84, அடித்துணி 68-க்கு 88 அங்குலம் இருக்கட்டும். அடித்துணியில் இணைப்பு இருந்தால் அந்தத் தையலின் உள்பக்க ஓரங்களை இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடுங்கள். ஒரே பக்கமாக மடித்தால் அந்த இடம் மேடாகி, பக்கத்தில் பசை ஒட்டாமல் ஒரு கோடு போல இடைவெளி விழும். மேல்துணியின் பின்பக்கம் தொங்கும் நூல்களையும் இப்போதே கத்தரித்துவிடுங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு சிவப்பு நூல் மாட்டிக்கொண்டால், தைத்து முடித்த பிறகு அதை எடுக்க வழியில்லை. பஞ்சு ஷீட்டை முந்தின இரவே உறையிலிருந்து எடுத்துக் கட்டிலில் விரித்து வையுங்கள். மடிப்புத் தடம் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

தரையைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரியுங்கள். மாஸ்கிங் டேப்பால் முதலில் நான்கு பக்கங்களின் நடுவை எதிரெதிராக ஒட்டுங்கள். பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கி, 8 அங்குலத்துக்கு ஒரு துண்டு. எவ்வளவு இழுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கட்டிலில் பெட்ஷீட்டைச் சுருக்கம் இல்லாமல் விரிப்போமே, அந்த இழுப்பு போதும். மேளத்தோல் மாதிரி விறைப்பாக இழுத்தால், டேப்பைப் பிரித்ததும் அடித்துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும், அதோடு ஒட்டியிருக்கும் பஞ்சும் மேல்துணியும் அலை அலையாக எழும்பும். அடித்துணியைச் சுற்றி இரண்டு அடிக்குப் பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடுங்கள். டைல்ஸில் விழும் பசைத் தூறல் உடனே தெரியாது. மறுநாள் காலில் பிசுபிசுக்கும், தூசி ஒட்டிக் கறுக்கும். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை துணியில் ஏறலாம்.

இப்போது பஞ்சு ஷீட்டை அடித்துணியின் நடுவில் போட்டு, கையால் நீவி, ஒரு பாதியைத் தூக்கி மறுபாதியின் மேல் மடித்துப் போடுங்கள். டப்பாவை நன்றாகக் குலுக்கி, 10 முதல் 12 அங்குலத் தூரத்தில் பிடித்து, மேலே திரும்பியிருக்கும் பஞ்சின் மீது அடியுங்கள். துணியின் மீது அடிக்காமல் பஞ்சின் மீது அடிப்பதற்குக் காரணம் உண்டு. பஞ்சு பசையை இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும். மெல்லிய காட்டன் துணியில் நேராக அடித்தால் பொட்டுப் பொட்டாக முன்பக்கம் தெரியலாம். கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் இடமும் வலமுமாக ஓட்டிக்கொண்டே இருங்கள்.

மொத்தப் பாதிக்கும் ஒரேயடியாக அடிக்க வேண்டாம். மடிப்பை ஒட்டி 15 அங்குல அகலத்துக்கு அடித்து, அந்த அளவை மட்டும் இறக்கி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவுங்கள். அடுத்து இன்னொரு 15 அங்குலம். பாதி முடிந்ததும் எதிர்ப்பக்கம் போய் மறுபாதி.

போதுமான அளவு அடித்தோமா என்று பார்க்க விரலின் பின்பக்கத்தால் பஞ்சைத் தொடுங்கள். ஆபீஸில் ஒட்டுவோமே மஞ்சள் குறிப்புத்தாள், அதன் முதுகில் இருக்கும் அந்த இலேசான பிடிப்பு மட்டும் தெரிய வேண்டும். விரல் ஈரமானாலோ, பஞ்சு கையோடு எழும்பி வந்தாலோ, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது பளபளப்பான திட்டு தெரிந்தாலோ அதிகம். சிலந்தி வலை மாதிரி இழை இழையாக விழுந்தால் டப்பா மிகப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது டப்பாவின் மூக்கில், அதாவது பசை வெளிவரும் துளையில், அடைப்பு.

மேல்துணிக்கும் இதே முறைதான். மேல்துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, பஞ்சின் நடுவோடு பொருத்துங்கள். பாதியை மடித்துப் போட்டுவிட்டு, வெளியே தெரியும் பஞ்சில் அடித்து, 15 அங்குலம் 15 அங்குலமாக இறக்குங்கள். ஒவ்வொரு முறை இறக்கிய பிறகும் ஒரு நீளமான ஸ்கேலை இணைப்புத் தையலின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு வளைந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக உரித்து மறுபடி வைக்கலாம். ஊக்கு முறையில் இல்லாத பெரிய வசதி இதுதான். உரிக்கும்போது பஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இழை பிய்ந்து வரும்.

கடைசியாக டேப்பை எடுத்து, மொத்தத்தையும் புரட்டி, அடித்துணியைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பு கைக்குத் தெரியும். எல்லாம் சரி என்றால் நான்கு ஓரத்திலும் மட்டும் 6 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு போடுங்கள். மெஷினில் புரட்டிப் புரட்டிக் கையாளும்போது முதலில் விட்டுப்போவது ஓரம்தான். குறைந்தது அரை மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டுப் பிறகு தையுங்கள்.

முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் உட்காராமலும் செய்யலாம். இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு, அடித்துணியின் நடுப்பகுதி மேசைமேல் வருமாறு விரித்து, மேசை ஓரத்தில் பைண்டர் கிளிப் மாட்டுங்கள். மேசைமேல் இருக்கும் பகுதியில் மட்டும் மூன்றடுக்கையும் ஒட்டி முடித்து, கிளிப்பைக் கழற்றி நகர்த்தி, அடுத்த பகுதிக்குப் போங்கள். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் நின்றபடியே முடித்துவிடலாம்.

கேள்வி: ஒரு டப்பா எத்தனை குயில்ட்டுக்கு வரும்?
– வாசகி, திருச்சி

பதில்: கையைப் பொறுத்தது. ஒரே 500 மி.லி. டப்பாவில் ஒருவர் செய்வதில் பாதிகூட இன்னொருவரால் செய்ய முடியாமல் போகும். உங்கள் கணக்கை நீங்களே எடுக்க எளிய வழி, சமையலறைத் தராசு. அடிப்பதற்கு முன்னும் பின்னும் டப்பாவை நிறுத்து, எத்தனை கிராம் குறைந்தது என்று எழுதி வையுங்கள். பஞ்சின் இரண்டு பக்கமும் அடிப்பதால் 60-க்கு 80 அங்குலக் குயில்ட்டில் பசை விழும் பரப்பு சுமார் 6.2 சதுர மீட்டர். குறைந்த கிராமை இதனால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு உங்கள் கை எவ்வளவு செலவழிக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த குயில்ட்டுக்கு டப்பாவில் மீதி போதுமா என்று தைக்க உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடலாம். பாதி ஒட்டிய நிலையில் டப்பா தீர்ந்துபோனால், மீதிக்கு ஊக்கு குத்துங்கள். இரண்டும் ஒரே குயில்ட்டில் இருப்பதில் தவறே இல்லை.

கேள்வி: ஸ்ப்ரே அடித்துத் தைத்தால் தையல் விட்டு விட்டு விழுகிறது. நூல் அடிக்கடி அறுகிறது. மெஷினில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் காட்டினேன். மெஷின் நன்றாக இருக்கிறது என்கிறார். பசை மெஷினைக் கெடுத்துவிடுமா?
– வாசகி, மதுரை

பதில்: மெக்கானிக் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஊசியைக் கழற்றி வெள்ளைத் தாள்மேல் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் காதைப் பாருங்கள். காதுக்குச் சற்று மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். பசையும் பஞ்சுத் துகளும் சேர்ந்து உருண்டது அது. ஊசி வேகமாகக் குத்தும்போது உராய்வில் சூடாகி, பசை இளகி ஊசியில் ஏறுகிறது. நூல் அந்தப் பிசினைத் தாண்டி வழுக்கிப் போக முடியாமல் சிக்கித் திரிதிரியாகிறது. ஊசி மேலே எழும்பத் தொடங்கும்போது அதன் பின்னால் நூல் ஒரு சின்ன வளையமாகப் பிரிந்து நிற்க வேண்டும், அதைத்தான் கீழே இருக்கும் கொக்கி பிடித்துத் தையல் போடுகிறது. நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டால் வளையம் உருவாகாது, கொக்கிக்கு ஒன்றும் கிடைக்காது. தையல் விடுவது இதனால்தான்.

உடனடி வழி: ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஊசியைத் துடையுங்கள், அல்லது புது ஊசி மாற்றுங்கள். மூன்றடுக்குக் காட்டனுக்கு 90/14 அளவு ஊசி நல்லது. பசை ஒட்டாத பூச்சு கொண்ட ஊசியும் கிடைக்கிறது. கீழ்நூல் சுற்றிய பாபின் இருக்கும் கேஸைக் கழற்றி, கொக்கியைச் சுற்றி இருக்கும் பஞ்சை பிரஷ்ஷால் எடுங்கள். பசை படிந்த துகள்மேல் எண்ணெய் விட்டால் களிம்பாகிவிடும், சுத்தம் செய்த பிறகே எண்ணெய். வேகத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

அடிப்படையான காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பசை அதிகம், அல்லது அடித்த கையோடு தைத்தீர்கள், அல்லது டப்பாவே துணிக்கானது அல்ல. முதல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: குயில்ட்டை ஓர் இரவு விரித்தே வைத்திருங்கள், கரைப்பான் ஆவியாகட்டும். மூன்றாவதுதான் சிக்கல். அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

கேள்வி: துணிக்கான ஸ்ப்ரே எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஹார்டுவேர் கடையில் சோஃபா ஃபோம் ஒட்டும் ஸ்ப்ரே கொடுத்தார்கள். அடித்த இடமெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது, துவைத்தும் போகவில்லை. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, சேலம்

பதில்: ஃபோம், ரெக்சின், கார்பெட் ஒட்டுவதற்கான ஸ்ப்ரே நிரந்தரமாகப் பிடிக்கச் செய்யப்பட்டது. தண்ணீருக்கும் சோப்புக்கும் அது கரையாது, நாளாக ஆக இன்னும் மஞ்சளாகும். துணிக்கானது என்றால் டப்பாவில் ‘டெம்பரரி’, ‘ஃபேப்ரிக்’ என்ற இரண்டு சொல்லும் இருக்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்க வேண்டாம். பிரான்ஸின் ஓடிஃப் நிறுவனம் செய்யும் 505, சல்கியின் கேகே 2000 போன்றவை இந்த வகை. குயில்ட் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும்.

மேல்துணியை மட்டும் மீட்டுப் பார்க்கலாம். தைத்த இடங்களைப் பிரித்து, மூன்றடுக்கையும் உரித்து, பஞ்சு ஷீட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதிலிருந்து பசையை எடுக்கவே முடியாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில் வெள்ளைத் துணியை நனைத்து, வெளியே காற்றோட்டத்தில், மேல்துணியின் ஓர் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். துணியின் சாயம் வராமல் பசை இளகினால் மீதியையும் அப்படியே ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பசை பரவும். பிறகு முழுக்கக் காய்ந்து வாசனை போன பின்பே சோப்பில் துவைக்கலாம். டர்பன்டைன் ஈரத்தோடு வாஷிங் மெஷினில் ஒருபோதும் போடாதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஸ்ப்ரே கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். மர வேலைக்கு வரும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து தெளிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. காய்ந்ததும் அட்டை போல விறைக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. குழந்தைகள் பள்ளியில் பயன்படுத்தும், துவைத்தால் போய்விடும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும் பசை வேறு. அதை மெல்லிய கோடுகளாகப் பஞ்சில் இட்டு, துணியை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டுக் காயவைத்தால் தற்காலிகமாகப் பிடிக்கும். முதலில் ஒரு துண்டுத் துணியில் ஒட்டி, துவைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க ஏலாது. பேஸ்மென்ட்டில் வைத்து ஸ்ப்ரே அடிக்கலாமா? எனக்குக் கொஞ்சம் ஆஸ்துமாவும் இருக்கு.
– வாசகி, கனடா

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டில் ஒன்றே போதும்.

இந்த வகை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றும். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். பேஸ்மென்ட்தான் வீட்டிலேயே தாழ்ந்த இடம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வென்னீர் டாங்கும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கேஸில் ஓடுபவையானால் உள்ளே சுடர் எரிந்துகொண்டிருக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் ஜன்னல் திறந்த அறையில்கூட இதை அடிக்க வேண்டாம். என்95 முகக்கவசம் பசைத் தூறலைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். உங்களுக்கு ஏற்றது, சூட்டில் ஒட்டும் பஞ்சு ஷீட். ஹாப்ஸ் நிறுவனம் 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியெஸ்டரில் இப்படி ஒன்று செய்கிறது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் போதும், ஸ்ப்ரேயும் வேண்டாம் ஊக்கும் வேண்டாம்.

நம் ஊர் வீடுகளுக்கும் இது பொருந்தும். தரையில் உட்கார்ந்துதான் அடிக்கிறோம், ஆவியும் தரையோடுதான் வருகிறது. பூஜை அறையில் விளக்கு எரிகிறதா, ஊதுபத்தி இருக்கிறதா, மூலையில் கொசுவத்திச் சுருள் புகைகிறதா, பக்கத்துச் சமையலறையில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டே டப்பாவைக் கையில் எடுக்க வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடிக்கும் நேரத்தில் மின்விசிறி ஓடினால் தூறல் அறை முழுக்கப் பரவும், அதனால் அதை நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தை இருக்கும் வீடு, கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் ஊக்கோடு நிற்பதே நல்லது.

கேள்வி: தடித்த பாலியெஸ்டர் பஞ்சு வைத்து, புசுபுசுவென்று ஒரு குயில்ட் தைக்கிறேன். எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் உரிந்து வருகிறது. ஏன்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பஞ்சு ஷீட்டின் மேல்தோல் மட்டுமே பசையில் ஒட்டுகிறது. மெல்லிய பருத்திப் பஞ்சில் இழைகள் நெருக்கமாக இருப்பதால் ஒட்டும் இடம் நிறைய. புசுபுசுப்பான பாலியெஸ்டரில் இழைகளுக்கு நடுவே காற்றுதான் அதிகம், துணியைத் தொடுவது சில இழைகள் மட்டுமே. அமுக்கினால் ஒட்டும், கையை எடுத்ததும் பஞ்சு எழும்பித் தன்னையே துணியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். இன்னும் இரண்டு சுற்று அடித்தால் ஊசிதான் பிசுபிசுக்கும், பிடிப்பு கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் தடிமனான பஞ்சுக்கு வளைந்த ஊக்குதான் சரி. நேரான ஊக்கைவிட வளைந்தது நல்லது, மூன்றடுக்கையும் தூக்காமல் குத்தி எடுக்க வரும். ஒவ்வொரு ஊக்கையும் விரலால் பூட்டினால் நுனி புண்ணாகும். ஒரு ஸ்பூனின் விளிம்பால் ஊக்கின் முனையைத் தூக்கிக் கொண்டையில் மாட்டிப் பாருங்கள்.

ஊக்கைக் குயில்ட்டிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். கடலோர ஊர்க் காற்றில் துரு ஏறும், துருக்கறை ஸ்ப்ரே கறையைவிட மோசம்.

கேள்வி: ஒட்டும்போது அடித்துணி கண்ணாடி மாதிரி இருந்தது. தைத்து முடித்துத் திருப்பினால் நாலைந்து இடத்தில் மடிப்பு. ஸ்ப்ரே போதவில்லையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் வேறு இடங்களில் பாருங்கள். மெஷினின் பற்கள் அடித்துணியைப் பின்னால் இழுக்கின்றன, மேலிருந்து அழுத்தும் பாதமான பிரஷர் ஃபுட் மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு தையலிலும் நூலிழை அளவு வித்தியாசம் சேர்ந்து, கோட்டின் முடிவில் ஒரு மடிப்பாக விழுகிறது. நேர்க்கோட்டுக் குயில்ட்டிங்கிற்கு வாக்கிங் ஃபுட் மாட்டுங்கள். அது மேலேயும் பற்கள் வைத்து மூன்றடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் மெஷினில் இருந்தால் ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள்.

இரண்டாவது, எங்கிருந்து தைக்கத் தொடங்கினீர்கள்? நான்கு ஓரத்தையும் முதலில் தைத்துவிட்டு உள்ளே வந்தால், தளர்வெல்லாம் நடுவில் அடைபட்டு வெளியேற வழியில்லாமல் மடியும். நடுவில் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, பிறகு அங்கிருந்து வெளியே என்று போக வேண்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. குயில்ட்டின் பாதி மேசையிலிருந்து கீழே தொங்கினால் அந்தக் கனம் ஊசியிடமிருந்து துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். சில மணி நேரம் இப்படி இழுபட்டால் பசை மெல்ல விடும். மெஷினுக்கு இடதுபுறமும் பின்புறமும் நாற்காலியோ அயர்ன் செய்யும் பலகையோ போட்டுக் கனத்தைத் தாங்குங்கள். 6 கோடு தைத்ததும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மடிப்பு விழப்போகும் இடத்தில் துணி முதலில் இலேசாக உப்பும். அப்போதே ஓரத்திலிருந்து உரித்து, நீவி, மறுபடி ஒட்டிவிடலாம். பிடிப்பு குறைந்திருந்தால் பஞ்சில் ஒரு மெல்லிய சுற்று அடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விழுந்துவிட்ட மடிப்புக்கு: அந்த இடத்தில் இரண்டு பக்கமும் 3 அங்குலம் வரை தையலைப் பிரித்து, துணியை நீவி, இரண்டு ஊக்கு போட்டு மறுபடி தையுங்கள்.

கேள்வி: என் மாமியார் பழைய புடவைகளை அடுக்கிக் கையாலேயே போர்வை தைப்பார். அவருக்கு உதவலாம் என்று ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தேன். ஊசி இழுக்கவே முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அவர் சொல்வதுதான் சரி. கைத்தையலில் ஒரே இழுப்பில் நான்கைந்து ஓட்டுத்தையலை ஊசியில் கோர்த்து எடுப்பார்கள். பசை இருந்தால் ஊசி ஒவ்வொரு அடுக்கிலும் தடுக்கும், விரல் நோகும், நூல் முடிச்சிடும். அதோடு கையால் தைக்கும் போர்வை முடிய மாதங்கள் ஆகும். மடித்து எடுத்து வைத்து மறுபடி விரிக்கும்போதெல்லாம் பசையின் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அவருக்கு நூலோட்டிக் கொடுங்கள். நீளமான ஊசியில் வெள்ளை நூல் கோர்த்து, நடுவிலிருந்து தொடங்கி, 4 அங்குலத்துக்கு ஒரு வரியாக நெடுக்கும் குறுக்கும், ஒவ்வொரு தையலும் ஒன்றரை அங்குல நீளத்தில். கறுப்பு, சிவப்பு நூல் வேண்டாம், அதன் சாயத் துகள் வெளிர் துணியில் தங்கும்.

புடவைப் போர்வை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்ற போர்வையைத் தைக்கிறார்கள். அதில் முன்கூட்டி அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையே பெரிதாக இல்லை. பழைய புடவையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுத் துணிகளின் ஓரத்தை விரலால் மடித்து வைத்து வைத்து, நான்கு ஓரமாகச் சுற்றிக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். முடிவில் மூலைகளில் மடித்த சிறு துணிகளைப் பூப் போலத் தைப்பது வழக்கம். மெஷினில் ஓரத்திலிருந்து உள்ளே வரக்கூடாது என்று மேலே சொன்னோம். அவர்களால் முடிவதற்குக் காரணம், மேல்துணி அங்கே முன்னதாகவே தைத்து முடிந்த ஒன்று அல்ல. போகப் போக வைக்கிறார்கள், தளர்வை ஒவ்வொரு துண்டிலும் கை சரிசெய்துவிடுகிறது. உங்கள் மாமியாரின் கைக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்கும். அவர் எந்த ஓரத்தில் தொடங்குகிறார், அடுக்குகளை எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் தங்கையிடம் இரண்டு டப்பா கொண்டுவரச் சொல்லலாமா?
– வாசகி, சென்னை

பதில்: சொல்லாதீர்கள். தீப்பற்றும் பசை ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் வைக்க முடியாது, பெட்டியிலும் வைக்க முடியாது. விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். இங்கே வாங்கிய பிறகும் அதை 50 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வையுங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டும். கடையிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பாதி டப்பா மீதி இருக்கிறது, ஆனால் ஸ்ப்ரே வரவில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: மூக்கில் பசை காய்ந்திருக்கிறது. அழுத்தும் மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஆல்கஹாலில் கால் மணி நேரம் ஊறவைத்துத் துடையுங்கள். ஊசியை விட்டுக் குடைய வேண்டாம். துளை பெரிதானால் தூறலுக்குப் பதில் சொட்டுச் சொட்டாக விழும். டப்பாவின் உடலில் எதையும் குத்தக் கூடாது. ஒவ்வொரு முறை முடித்ததும் மூக்கைத் துடைத்து வைத்தால் அடைப்பு வராது.

கேள்வி: தைத்து முடித்ததும் இஸ்திரி போடலாமா, முதலில் துவைக்கலாமா? பசை முழுதாகப் போய்விடுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் துவையுங்கள். ஓரப் பட்டி தைத்து முடித்த பிறகு, தொட்டியில் குளிர்ந்த தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்புத் திரவமும் விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்துக் கையால் அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். அடர் சிவப்பு, நீலம், கறுப்புத் துணிகள் வெள்ளையோடு சேர்ந்திருந்தால், மேல்துணிக்கு வெட்டும்போது மீந்த துண்டுகளை வெள்ளைத் துணியோடு ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் ஏறுகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். துணிக்கான தற்காலிகப் பசை ஒரு துவைப்பில் போய்விடும். கை வைத்துப் பார்க்கும்போது விறைப்பு எங்காவது மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் அதிகமாக அடித்திருக்கிறீர்கள், இன்னொரு முறை ஊறவைத்தால் போதும்.

பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 80 அங்குலம் 77 ஆகலாம், தையல் கோடுகளை ஒட்டி இலேசான நெளிவும் வரும். கட்டிலின் அளவுக்கு எடுப்பவர்கள் இந்த 3 அங்குலத்தை முதலிலேயே சேர்த்து வெட்டுங்கள். உலர்த்தும்போது ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் ஒரு பக்கம் நீண்டுவிடும். மாடியில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் நல்ல பக்கம் கீழே இருக்குமாறு பரப்பி, நிழலில் காயவையுங்கள்.